கோல் கம்பத்துக் காகம்

நகரத்துப் பெரிய மைதானத்திலிருந்து வந்த காகம் ஒன்று, எங்கள் ஊர் கோல் கம்பத்தின் மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. ஊர் அணி நாலு கோல் வாங்கித் தோற்றது.

"இவங்க ஆட்டத்தைப் போய் வாராவாரம் பார்க்கிறியே?" என்று கோட்டோரம் நின்ற வெள்ளாட்டிடம் காகம் கேட்டது.

"நான் மேஞ்சு முடிச்சு நகர்ற வரைக்கும் இவங்க ஆட்டத்தை ஆரம்பிக்க மாட்டாங்க," என்றது ஆடு. "உன் மைதானத்துல உனக்காக யாராவது காத்திருந்தாங்களா?"

அடுத்த ஞாயிறும் காகம் வந்து கம்பத்தில் உட்கார்ந்தது.

காலையில் மீன் விற்றுவிட்டு வந்த கோல்கீப்பர் லூர்து, அண்ணாந்து பார்த்தான். "கொஞ்சம் தள்ளி உக்காரு மாப்ள. பந்து பட்டுடும்."

காகம் தள்ளி உட்கார்ந்தது.

ஊர் அணி அன்றைக்கும் தோற்றது. அவர்கள் போட்ட ஒரே கோலையும் நடுவர் செல்லாது என்றபோது, காகம் கத்திய கத்தலில் ஆடே திடுக்கிட்டு நிமிர்ந்தது.