கடைசியாக வருகிறவர்

"முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சாப் போதும். பின்னால வர்றவனுக்கு..."

பழனிக்குப் பாதயாத்திரை கூட்டிப்போகும் பெரியப்பா இப்படி ஏதோ சொல்வார். மறுபாதி சிவப்பிரகாஷுக்கு மறந்துவிட்டது. பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவனுக்குப் பாதி ஞாபகம் இருந்ததே பெரிசு.

இப்போது அவனுக்குப் பின்னால் வருகிறவர்தான் தொல்லை. சென்னியப்பன்.

கோபாலபுரம் நடைக் குழு முதல் தடவையாக வெளியே கிளம்பியிருந்தது. ஒன்பது பேர். வாய்க்கால் கரையோடு எட்டுக் கிலோமீட்டர். கடைசியில் யோகப்பிரியா டீச்சரின் தோட்டத்தில் சாப்பாடு. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது சிவப்பிரகாஷ் போட்ட சட்டம்.

குழுவை அவன் ஆரம்பித்ததே அப்பாவுக்காகத்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா பொங்கியண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு மூச்சே வாங்குவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். வாங்கி மகனும் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், சென்னியப்பன் மட்டும் இல்லாவிட்டால். அப்பாவோடு கடைசியாக வருவார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாருடைய தோட்டத்திலாவது நின்றுவிடுவார்.

"ஏனுங் மாமா, இந்த மண்ணுல கடலை வருமுங்களா?"

அவ்வளவுதான். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிடுவார். நின்றுகொண்டே மண்ணைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஆகாது. ஒரு பிடி அள்ளி, விரலால் நொறுக்கி, மோந்து பார்த்து, அப்புறம்தான் பதில். மெதுவாக எழுந்து நாலு தோட்டம் தாண்டினால் சென்னியப்பனுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிடும்.

முன்னால் போனவர்கள் ஒவ்வொரு தடவையும் மர நிழலில் காத்துக்கிடந்தார்கள். சென்னியப்பண்ணன் நடக்க வந்தாரா, பூமி வாங்க வந்தாரா என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பாதித் தூரம் தாண்டுவதற்குள்ளேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.

ஐந்தாவது தடவை சிவப்பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்ணா, உங்களால எங்கப்பா வெயில்ல காயறார். நீங்க முன்னால போயிருங்க. இல்லீன்னா அடுத்த தடவை வர வேண்டாமுங்க."

சென்னியப்பன் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறெங்கோ பார்த்தார்.

"சேரிங் தம்பி. கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றுவிட்டு முன்னால் போனார்.

அதற்கப்புறம் நடை ஒரே சீராக இருந்தது. இருபது நிமிஷமாக யாரும் நிற்கவில்லை. போனில் வேகத்தைப் பார்த்து சிவப்பிரகாஷுக்குத் திருப்தி. பேச்சுக்கு அப்பாவிடம் கேட்டான்:

"பெரியப்பா சொல்லுவாரே, பின்னால வர்றவனுக்கு... அப்புறம் என்னங்ப்பா?"

"அதா... அப்புறம்... சொல்றேன்."

திரும்பிப் பார்த்தான். அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாக்கெட்டில் எதையோ தேடுகிற மாதிரி ஒரு கை நெஞ்சின் மேலேயே இருந்தது.

"உக்காருங்கப்பா."

"எதுக்கு? நானென்ன கெழவனா? நீ போ கண்ணு."

எல்லோரும் நின்று அவரையே பார்த்தார்கள். அப்பா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். உட்காரவே இல்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்ற சென்னியப்பன் தன் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

யோகப்பிரியா சிவப்பிரகாஷின் பக்கத்தில் வந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"எனக்கு ஒண்ணுதாங்ணா புரியல. கிருஷி பவன் வேளாண்மை ஆபீஸ்ல விவசாயிகளுக்கு மண்ணப் பத்தி வகுப்பு எடுக்கறதே சென்னியப்பண்ணன்தான். அவருக்கு எங்கிருந்து இத்தனை சந்தேகம் வந்துச்சு?"

சிவப்பிரகாஷ் போனை அணைத்துப் பையில் போட்டான். பக்கத்து வரப்பில் போய் உட்கார்ந்தான். ஒரு பிடி மண்ணை அள்ளினான்.

"அப்பா, இங்க கொஞ்சம் வந்து பாருங்க. இந்த மண்ணுல தென்னை வருமுங்களா?" என்று கேட்டான்.