ஒன்றுபோல் இன்னொன்று

மூன்றாவது கதவைத் திறந்ததும் திருமூர்த்தி சார் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மறுபடியும் அதே கட்டிலா, அன்புசெல்வி?"

திரையில் அதே கட்டில். அதே பீரோ. கட்டிலுக்கு அடியில் கால் மட்டும் தெரியும்படி அதே பேய்.

நான் செய்த கேமில் ஒரு பேய் பங்களா. கதவைத் திறக்கத் திறக்க, உள்ளே உள்ள அறையைக் கம்ப்யூட்டரே அந்த நேரத்தில் அமைத்துக்கொள்ளும். எந்த அறையும் இன்னொன்றைப் போல இருக்கக் கூடாது. அதுதான் எங்கள் மாலை வகுப்புக்குச் சார் வைத்த தேர்வு. நன்றாகச் செய்கிற ஒருவரைக் கோவையில் ஒரு கேம் கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்.

சார் அடுத்த கதவைத் திறந்தார். பேய் காலை நீட்டியது. தெரிந்தவர் வீட்டுக்குள் நடப்பதுபோல அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

"சார், அது பங்களா இல்லீங்க, வரிசையா ஒரே மாதிரி கட்டி வாடகைக்கு உடற லைன் ஊடுங்க. அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க" என்றான் பின்பெஞ்சு வேல்குமார்.

பேய்கூடச் சிரித்திருக்கும்.

எனக்கு என்மேல் எப்போதும் சந்தேகம். அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். இதையும் அப்படித்தான் பார்த்திருந்தேன். 'ஒன்றுபோல் இன்னொன்று வந்தால் தள்ளிவிடு' என்று இன்று பகல் முழுக்க, வேலை செய்யும் இடத்தில்கூட, மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எழுதிய புரோகிராமைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினேன். அறையை அமைக்கும் பகுதி சரி. அமைத்த அறையைச் சோதிக்கும் பகுதியில் விரல் நின்றது.

முதல் அறையிலிருந்து மாறியிருந்தால் தள்ளிவிடு.

கம்ப்யூட்டர் பாவம். விதவிதமாக அமைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. என் வரிதான் அத்தனையையும் தள்ளிவிட்டது.

பகலில் எனக்கு நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மேசைக்கு முன்னால் சாம்பிள் பீஸ் தொங்கும். அதைப் போல இருந்தால் பாஸ். மாறியிருந்தால் ரிஜெக்ட். அந்தக் கைப்பழக்கம் எழுதிய வரி அது.

சாரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிளாஸ் முடியறதுக்குள்ள மாத்திக் காட்டு" என்றார்.

வரியைத் தலைகீழாக மாற்றி எழுதினேன்.

சார் கதவைத் திறந்தார். கட்டில் செங்குத்தாக நின்றது. அடுத்ததில் பீரோ வழியை மறித்தது. அதற்கடுத்ததில் பேயைக் காணோம். சார் குனிந்து தேடும்போது பீரோவின் மேலிருந்து இரண்டு கால்கள் தொங்கின.

"ஐயோ!" என்று நாற்காலியோடு பின்னால் போனார்.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கோயமுத்தூர் கிளம்பும்மா" என்றார். வேல்குமார்கூடக் கை தட்டினான்.

அப்போது என் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் மயிலாள் அக்கா.

"ஏன் கண்ணு, இன்னைக்கு என்ன பண்ணி வெச்சிருக்கே? பாஸ் பெட்டியில ஒண்ணுக்குக் கழுத்து கோணல், ஒண்ணுக்குக் கை நீளம், ஒண்ணுக்குப் பாக்கெட்டு முதுகுல! நல்ல பீஸெல்லாம் ரிஜெக்ட் மூட்டையில கெடக்குது. நாளைக்கு லோடு போகோணும். காலையில நேரத்துல வந்து நீயே பிரிச்சுப் போடு."

போனை வைத்தேன்.

"யாரும்மா?" என்றார் சார்.

"கம்பெனியிலிருந்துங்க சார். அங்கயும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லீங்களாம்."