வடக்குத் தெரு பாட்டில்

வடக்குத் தெரு பாட்டில் கறுத்துப்போயிருந்தது.

கொஞ்ச நஞ்சக் கறுப்பில்லை, அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றிய மாதிரி. பக்கத்திலேயே தெற்குத் தெரு பாட்டில், மூடி போட்ட அன்று இருந்த அதே இளமஞ்சளில் சமர்த்தாக நின்றது.

வேம்பு இரண்டையும் பஞ்சாயத்து ஆபீஸ் மேசைமேல் எல்லாரும் பார்க்கிற மாதிரி நகர்த்தி வைத்தாள். குடிநீர் வாரியத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பாட்டிலைக் கையில் எடுத்த பிறகு அவள் குரல் நடுங்கி யாரும் கேட்டதில்லை.

"உப்பு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் ரெண்டு கிணத்துலயும் அளவுக்குள்ளதான் இருக்கு சார். இது கிருமிக்கு வச்சது. தண்ணியில கழிவு கலந்திருந்தா உள்ள இருக்கிற மருந்து கறுத்துடும். நல்ல தண்ணின்னா நிறம் மாறாது."

இன்ஜினியர் மீரா உசேன் தலையாட்டிவிட்டு பேனாவைத் திறந்தார்.

ஊரில் மேல்நிலைத் தொட்டி கட்டப்போகிறார்கள். எந்தக் கிணற்றில் மோட்டார் இறக்குவது என்பதுதான் கேள்வி. மோட்டார் எந்தத் தெருவிலோ, சாவியும் அந்தத் தெருவில்.

சாவி வடக்குத் தெருவுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெற்குத் தெருவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. போன குறுவை அறுவடையில் தெற்குத் தெருக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மறுநாளே வடக்குத் தெருக் கிணற்றுக்கு முள்வேலி விழுந்தது. ஆறு வறண்டிருந்த நேரம். பிள்ளைகள் வாய்க்கால் குட்டையில் குடித்துப் பேதியாகிக் கிடந்தார்கள். அப்புறம் ஆணும் பெண்ணுமாக இருபது நாளில் தோண்டியதுதான் தெற்குத் தெருக் கிணறு.

ஆனாலும் இரண்டு தண்ணீரும் நல்லதாக இருந்தால் மோட்டார் வடக்கேதான் போகும். மும்முனை மின்சாரக் கம்பி அந்தத் தெரு வழியாகத்தான் வந்திருக்கிறது. மீரா உசேன் இதை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு சார்" என்றார் வடக்குத் தெரு சாரங்கபாணி.

எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முதல் மாலை அவர் வீட்டிலிருந்துதான் போகும். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது வண்டிக்காரன் பேரில்கூட நிலத்தை எழுதிவைத்துத் தப்பிய கெட்டிக்காரர். இன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கோளாறு அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. போன திங்கட்கிழமை இரண்டு கிணற்றிலும் வேம்புதான் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். அவள் கிளம்பும்போது சாரங்கபாணி, "எந்த ஊரும்மா, யாரு பொண்ணு?" என்று விசாரித்தார். அவளும் மறைக்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம், அப்பா அம்மா இரண்டு பேரும் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்றாள். அவர் முகம் சுருங்கிப்போனதையும் பார்த்தாள். காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளே இன்ஜினியருக்குக் கடிதம் வந்தது. தண்ணீர் எடுத்த முறை சரியில்லை, அந்த பாட்டில் செல்லாது, தன் கையால் தானே மொண்டு தருகிறேன் என்று. தீட்டு என்று காகிதத்தில் எழுதினால் கேஸ் ஆகும் என்று தெரியாத ஆளா அவர்.

புதன்கிழமை, துலக்கிய பித்தளைக் குடத்தில் தானே மொண்டு வந்து நீட்டினார். வேம்பு அதை வாங்கி பாட்டிலில் அடைத்தாள். அந்த பாட்டில்தான் இப்போது மேசைமேல் கறுத்துக் கிடந்தது.

"ஏம்மா, முதல்ல நீ எடுத்தியே, அது என்னாச்சு?"

"அதச் செல்லாதுன்னு நீங்கதாங்க எழுதிக் குடுத்தீங்க. செல்லாத பாட்டிலுக்கு ரிசல்ட் கிடையாது."

மீரா உசேன் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தது. மோட்டார் தெற்குத் தெருவுக்கு என்று எழுதினார். கம்பி இழுக்கிற செலவை வாரியம் பார்த்துக்கொள்ளும் என்றார்.

வேம்பு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் நேற்றிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

செல்லாத அந்த முதல் பாட்டிலை அவள் கொட்டிவிடவில்லை. வேலைப் பழக்கம், அலமாரியில் வைத்திருந்தாள். அது இந்த நிமிஷம்வரை இளமஞ்சளாகத்தான் இருக்கிறது. அதே கிணறு, நடுவில் இரண்டே நாள். மழைகூட இல்லை. எப்படிக் கறுத்தது?

வாசலில் தெற்குத் தெரு காத்தாயி நின்றிருந்தாள். சாரங்கபாணி வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டுகிறவள். சேதி அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. வேம்புவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க அந்தாண்ட போனதுமே அய்யா கெணத்தச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாருங்க. நீங்க தொட்ட தீட்டு போகணுமாம். சுத்திவரத் தெளிச்சு, மிச்சத்த உள்ளயும் கரைச்சு ஊத்துனாங்க. ரெண்டு கூடை சாணி, நான்தான் அள்ளிக் குடுத்தேன்."