அந்தச் சிரிப்பையும் சேர்த்து

"சிரிக்கிறதையுமா காப்பியடிப்ப?"

பேராசிரியை கேட்டதும் மொழி ஆய்வகம் முழுக்கச் சிரித்தது. ஹெட்போனைக் கழற்றிய மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. இங்கிலீஷை இழுத்து இழுத்துப் பேசுவதால் வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர் 'துரை'.

ஆங்கிலத்தில் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது பிடிபட, ஆளுக்கொரு பாட்காஸ்ட் கேட்டு அதேபோல் பேசிப் பழக வேண்டும். மறுநாள் வாய்மொழித் தேர்வு.

மற்றவர்கள் பெரிய பெரிய செய்தி வாசிப்பாளர்களைப் பிடித்திருக்க, இவன் பிடித்தது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன யாரோ ஒரு தமிழ் ஆளை. தவறவிட்ட பஸ், விடாத மழை, கருகிப்போன சமையல் என்று தன் பாட்டை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். வாக்கியம் இறங்க வேண்டிய இடத்தில் அவர் குரல் ஏறும், கூடவே ஒரு சின்னச் சிரிப்பும் வரும்.

வகுப்பு கலைந்ததும் பேராசிரியை அவனை நிறுத்திவைத்தார். "இந்தக் குரல்ல பேசினா நாளைக்கு ஃபெயில்தான் பண்ணுவேன். அம்மாவுக்கு ஹார்ட் ஆபரேஷன்னு போன மாசம் பூரா லீவு வேற. நல்ல குரலா ஒண்ணு எடுத்துக்கோ."

"எனக்கு இது போதும் மேடம்."

"வீட்லயும் இப்படித்தான் பேசுவியா?"

"வீட்ல பேசத்தான் மேடம் பழகுறேன்."

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பெற்ற தாயிடம் பீற்றிக்கொள்ளவா ஒருவன் பரீட்சையைக் கோட்டைவிடுவான்?

"அந்த ஆளே கொஞ்ச நாளா புதுசா எதுவும் போடல. அவரே விட்டுட்டார், நீ ஏன் பிடிச்சுத் தொங்குற?"

"அவரால இனிமே பேச முடியாது மேடம்."

அப்போது போன் அடித்தது. சட்டைப் பையில் இருந்த போனை அவன் தொடவில்லை. தோள்பையின் அடியிலிருந்து, மூலை உடைந்த இன்னொரு போனை எடுத்தான். திரையில் 'அம்மா' என்று இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று திரும்பி நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

பேசியது தமிழ்தான். ஆனால் அதே ஏற்றம், அதே சின்னச் சிரிப்பு.

"பெரியவன் பேசுறேம்மா. மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கா?"

பேராசிரியை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்துக்கொண்டே கேட்டான்.

"தம்பி ஒழுங்கா படிக்கிறானாம்மா?"