அந்த நாவலில் வரும் மகன்

தம்பி மதிவாணன் எழுதிய நாவலில் அம்மா வருகிறாள் என்று நாத்தனார் துர்கா போனில் சொன்னதிலிருந்து நீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

துர்கா இன்னும் படிக்கவில்லை. கூட வேலை செய்பவள் சொன்னாளாம். கொளஞ்சியம்மாள் என்ற பேரைக்கூட மாற்றவில்லையாம். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தது, பிள்ளைகள் மாசத்துக்கு ஒருத்தர் என்று முறை வைத்து வந்து பார்த்துக்கொண்டது, ஒருநாள் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனது, எல்லாம் வருகிறதாம்.

வீட்டுக்குள் நடந்ததை ஊருக்கு விற்றுப் பிழைக்கிறானா என்று நீலாவதி கொதித்தாள். அம்மா செத்து மூணு வருஷம்கூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் அந்த நாவலைப் பற்றிக் கூட்டம் என்று தெரிந்ததும் பெண்ணாடத்தில் பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெத்தவளைச் சந்தி சிரிக்க வைத்தாயே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட வேண்டும். அத்தோடு அக்கா தம்பி உறவையும் முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். ஐம்பது பேர் இருப்பார்கள். மேடையில் மதிவாணனோடு வேப்பூர் டீச்சர் மோகனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அவளும் நாவல் எழுதுகிறவள். ஹைவே ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிற பெண்களைப் பற்றி இப்போதுதான் ஒன்று வந்திருக்கிறது. ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர் பேசுவதுதான் ஏற்பாடு.

நீலாவதி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

எப்போது எழுதுவீர்கள் என்று யாரோ கேட்டார்கள். ஸ்கூலுக்குப் போகிற பஸ்ஸில் போனிலேயே தட்டிவிடுவேன் என்றாள் மோகனப்பிரியா. மதிவாணன் செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வெந்த சரக்கைச் சூடு ஆறாமல் சூளையிலிருந்து எடுக்க முடியாது, ஆறுகிற வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு எழுதுவேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் மோகனப்பிரியா அந்த இடத்துக்கு வந்தாள்.

"மதிவாணன், உங்க நாவல்ல வர்ற அந்த மகனை என்னால தாங்கவே முடியல. எழுந்து நடக்க முடியாத அம்மாவை உள்ள வெச்சுப் பூட்டிட்டு பக்கத்துல இருக்கற மங்களூருக்குக் கல்யாணத்துக்குப் போறான். அந்தம்மா கட்டில்லேருந்து விழுந்து, ஒரு பகல் பூரா தண்ணியில்லாமக் கிடக்கறாங்க. இவன்மேல உங்களுக்கு எதுக்கு இவ்வளவு இரக்கம்?"

நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மதிவாணன் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"பூட்டுனவங்களும் அந்தம்மா பெத்த புள்ளதானேங்க," என்றான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் இருந்த கோவிந்தராசு எழுந்து நின்றார். ரிடையர்டு தாசில்தார். அவர் கையில் இருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டிருந்தது.

இது கற்பனைதானா, இல்லை அப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருந்தானா என்று கேட்டார். இருந்தாங்க என்றான் மதிவாணன்.

"யாருன்னு சொல்லுங்க. இந்த ஊர்க்காரனா இருந்தா நாங்களும் தெரிஞ்சுக்கணும்."

மதிவாணன் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். வரிசை வரிசையாக வந்த அவன் பார்வை கடைசி வரிசையில் நீலாவதியிடம் வந்து நின்றது. அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றான்.

கோவிந்தராசு புத்தகத்தை மேடையின் ஓரத்தில் வைத்தார். பெத்த தாயைப் பூட்டி வைத்தவனுக்குக் கை தட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் பின்னாலேயே பத்துப் பேர் எழுந்து போனார்கள். கையெழுத்து வாங்க நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மோகனப்பிரியாகூட நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மதிவாணன் மேடையில் கிடந்த புத்தகத்தைக் குனிந்து எடுத்துத் துடைத்தான்.

நீலாவதியின் பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவரு அக்காதானே? மொகம் அப்படியே இருக்குது. பொஸ்தகத்துல பூட்ட ஒடச்சு, அம்மாவ வாரித் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுற அக்கா நீங்கதானா? நான் அந்த எடத்துல அழுதுட்டேங்க."

நீலாவதி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"பாவம் நீங்க. இப்படி ஒருத்தன் கூடப் பொறந்திருக்கீங்களே. கூடப் பொறந்த பாசத்துல மன்னிச்சுடாதீங்க."

"எப்படிங்க மன்னிக்கறது," என்றாள் நீலாவதி. பிறகு தம்பி நிமிர்ந்து பார்ப்பதற்குள் விடுவிடுவென்று படியிறங்கி, பெண்ணாடம் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

அன்றைக்குப் பூட்டை உடைத்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மதிவாணன். பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவள் அவள்.