விளக்குப்பொறிக்கு இரண்டு அதிகாரிகள்

பயிரைக் குருத்துப்பூச்சி தாக்கியதும், வேளாண் அதிகாரி குந்தவை சொன்னபடி பஞ்சநதம் தன் கடலோர வயலில் விளக்குப்பொறி வைத்தார். பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து, அடியிலிருந்த தண்ணீர்த் தட்டில் விழுந்தன.

மறுநாள் ஆமைப் பாதுகாப்பு அதிகாரி தமிழரசன் வந்தார்.

"விளக்க அணைச்சிடுங்க. ஆமைக்குஞ்சு பொரிச்சதும் வெளிச்சமான பக்கம்தான் நடக்கும். விளக்கு இல்லாத இருட்டுல வெளிச்சமாத் தெரியுறது கடல்தான். இப்ப கடலை விட்டுட்டு உங்க வயலுக்கு வந்து சாகும்."

"அணைச்சா என் பயிர் சாகும். வேளாண் அதிகாரியம்மா ஏத்துங்கறாங்க, நீங்க அணைங்கறீங்க. நான் யார் பேச்சைக் கேக்குறது?"

தமிழரசன் யோசித்தார். "கடல் பக்கம் மட்டும் தகரம் வச்சு மறைச்சா எனக்குப் போதும். அப்பவும் தட்டுல பூச்சி விழுமான்னு அவங்கதான் சொல்லணும்."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

"நான் போட்டா எடுக்க மாட்டாங்க. நீங்க போடுங்க."

பஞ்சநதத்துக்கு ஒன்றும் புரியவில்லை. குந்தவையை அழைத்து, ஆமை அதிகாரி கேட்டதைச் சொன்னார்.

"தாராளமா மறைங்க. வயல் பக்கம் வெளிச்சம் இருந்தா பூச்சி விழும்" என்றார் குந்தவை. "அப்புறம், பக்கத்துல நிக்கிற என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. வீட்டுலயும் உத்தரவு போடாம இப்படிக் கேட்டிருந்தா, நாலு நாளா நான் பேசாம இருந்திருக்க மாட்டேன்."