நாலரை அடி

தோப்புக்கு டிராக்டர் வாங்கப்போகும் மரியசெல்வம் கையில் டேப்போடு வந்ததுமே பலாமரத்துக்குள் பால் உறைந்துவிட்டது. அதற்கும் எதிரே நின்ற நாவல்மரத்துக்கும் நடுவில்தான் தோப்புக்குள் போக ஒரே வழி.

"நாலரை அடிதான் இருக்கு," என்றார் அவர், அளந்துவிட்டு. "பெரிய வண்டி எடுத்தா இதுல ஒண்ணை வெட்டணும்."

"அண்ணே, பயமா இருக்கு," என்றது நாவல்.

பலா அதன் பக்கம் திரும்பவே இல்லை. "ஐயா, நாவலை வெட்டுங்க! அதுக்குள்ள கரையான் ஏறியிருக்கு, என்கிட்ட மட்டும் சொல்லிச்சு!" என்று கத்தியது.

மனிதருக்கு மரத்தின் பேச்சு கேட்காது. நாவலுக்குக் கேட்டது.

மரியசெல்வம் இரண்டு மரத்தையும் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "சின்ன வண்டியே போதும்," என்று டேப்பைச் சுருட்டினார்.

மறுவாரமே சின்ன டிராக்டர் வந்தது. இரண்டு பக்கமும் பட்டை உரசாமல் நடுவே நுழைந்து போனது.

"தப்பிச்சோம் தம்பி," என்று பலா பெருமூச்சு விட்டது.

நாவல் மெதுவாகக் கேட்டது:

"இந்த வண்டி தேய்ஞ்சதும் மறுபடி அளக்க வருவாரே, அண்ணே. அப்ப நான் என்ன சொல்லட்டும்?"